நாற்பத்தெட்டு வருஷம் காத்திருந்த உயில்

1794ஆம் வருஷம் மார்ச் 22ஆம் தேதி, நாற்பது வயது மனிதர் ஒருவர் உயில் எழுதினார். ஒன்பது நாள் கழித்து, மார்ச் 31 அன்று திருவையாற்றில் இறந்துபோனார். ஆவடிக்கு வடக்கே, பவானி அம்மன் கோயிலுக்குப் பேர்போன பெரியபாளையத்தில் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே அப்பா போய்விட்டார். பவுனி நாராயண பிள்ளை என்ற துபாஷியின் ஆதரவில் வளர்ந்து, அவரிடமே தொழில் கற்று, தானும் துபாஷியாகி, தஞ்சாவூர் அரண்மனை வரை கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர். பெயர் பச்சையப்ப முதலியார்.

பச்சையப்பாஸ் என்றால் இன்றைக்கு நமக்கு ஞாபகம் வருவது ரூட்டு தல, பஸ் டே, போலீஸ் தடியடி. அந்தக் கல்லூரி ஓர் உயிலிலிருந்து முளைத்தது என்பது பலருக்கும் தெரியாது. அந்த உயில் நாற்பத்தெட்டு வருஷம் கிட்டத்தட்டச் செத்துக் கிடந்தது என்பது இன்னும் குறைவான பேருக்குத்தான் தெரியும்.

உயிலில் அவர் கேட்டிருந்தது கோயில் பூஜை, அன்னதானம், தர்மம். பணத்துக்குக் குறைவில்லை, ஒரு லட்சம் வராகன் என்று சொல்வார்கள். ஆனால் அவர் கண்ணை மூடியதும் குடும்பத்துக்குள் சண்டை, வழக்கு, பொறுப்பில் இருந்தவர்களின் அசட்டை. எழுதியவர் போய்விட்டார், எழுத்து மட்டும் இருந்தது. அதை எடுத்துப் படிக்கச்சொல்லிக் கேட்க ஆளில்லை.

கேட்டவர்கள் ரொம்ப நாள் கழித்து வந்தார்கள். மதராஸ் சுப்ரீம் கோர்ட்டின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் விவகாரத்தைக் கையில் எடுத்தார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் நார்ட்டன் அதை விடாமல் நடத்தினார். சொத்து மீட்கப்பட்டது, வட்டியோடு பெருகியிருந்தது. கோயில் காரியங்களுக்குப் பணம் ஒதுக்கியும் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தில்தான் 1842 ஜனவரியில் பாப்பம்ஸ் பிராட்வேயில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். 1850இல் எஸ்பிளனேடில் கிரேக்கக் கோயில் மாதிரித் தூண்களோடு பச்சையப்பன் மண்டபம் எழுந்தது. கல்லூரி பின்னால் வளர்ந்தது. 1906இல் கும்பகோணத்து ராமானுஜன் இங்கே வந்து படித்தார், 1930களில் அண்ணாதுரை படித்தார்.

கதை இத்தோடு முடிந்தால் 'வள்ளல் வாழ்க' என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது வேறொன்று. பச்சையப்பர் எழுதிய காலத்தில், ஓர் இந்து உயில் எழுதலாமா, எழுதினால் அது செல்லுமா என்ற கேள்விக்கே உறுதியான பதில் கிடையாது.

*

'உயில்' என்பது தமிழ்ச் சொல் மாதிரி இருந்தாலும், ஆங்கில 'வில்'தான் நம் நாக்கில் புரண்டு உயிலானது. உயிரோடு சம்பந்தப்பட்ட சொல் போலத் தோன்றுவது தற்செயல். 'மரண சாசனம்' என்ற பேரும் உண்டு. ஆனால் ஜனங்கள் வாயில் நின்றது கடன் வாங்கிய சொல்தான். சொல்லைப் போலவே விஷயமும் வந்து சேர்ந்ததுதான்.

அதற்கு முன்னால் சொத்தைக் கொடுக்கத் தெரியாதவர்களா நாம்? இல்லை. தொண்டை மண்டலத்துக் கோயில் சுவர்களைப் பாருங்கள். நிலம் கொடுத்தது, விளக்கெரிக்க ஆடு கொடுத்தது, எல்லாம் சூரிய சந்திரர் உள்ளவரை நிற்கட்டும் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். கெடுத்தவன் என்ன பாவம் அடைவான் என்பதும் கூடவே இருக்கும். ஆனால் அவை உயிரோடு இருக்கும்போதே கொடுத்த கொடைகள். 'இப்போதைக்கு என்னிடமே இருக்கட்டும், நான் செத்த பிறகு இன்னாருக்குப் போகட்டும்' என்பது வேறு வகை ஆசை. அதற்குத் தர்ம சாஸ்திரத்தில் இடமில்லை.

காரணம் லேசானது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் கிராமங்களில் நிலம் என்பது காணியாட்சி, மிராசு. அது கூட்டுக் குடும்பத்தின் பங்கு. ஆண்பிள்ளை பிறக்கும்போதே பங்கோடு பிறக்கிறான். செத்தால் அவன் பங்கு மிச்சமிருக்கும் ஆண்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். தனக்கென்று தனியாக ஒன்றும் இல்லாதவன் எதை எழுதிவைப்பான்? மனைவிக்குச் சோறும் துணியும் உண்டு, நிலம் கிடையாது. மகளுக்குச் சீர் உண்டு, பங்கு கிடையாது.

உயில் எழுதும் தேவை வந்தது கோட்டையை ஒட்டி வாழ்ந்த துபாஷிகளுக்கு. அவர்கள் சம்பாதித்தது அப்பன் பாட்டன் விட்டுப்போனதல்ல. கம்பெனியோடும் நவாபோடும் வியாபாரம் பண்ணிச் சேர்த்தது. சுயார்ஜிதம், அதாவது சொந்தச் சம்பாத்தியம். 'நான் சம்பாதித்தது, நான் சொன்னபடி போகட்டும்' என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. உயிலின் சரித்திரத்தை ஒரு வரியில் சொல்லச் சொன்னால், சொந்தமாகச் சம்பாதிக்க யாருக்கெல்லாம் வழி கிடைத்தது என்பதன் சரித்திரம் என்றுதான் சொல்வேன்.

சட்டம் இதைச் சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. 1829இல் மதராஸ் மாகாணத்தில் போட்ட ஓர் ஒழுங்குவிதி, இந்து எழுதும் உயில் இந்து சட்டத்துக்கு ஒத்துப்போகிற அளவுக்குத்தான் செல்லும் என்றது. பாதி மறுப்பு அது. 1856இல் மதராஸிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன ஒரு வழக்கில்தான், இங்குள்ள இந்துவுக்கும் தன் சொத்தை உயில் மூலம் கொடுக்கும் உரிமை உண்டு என்று தெளிவாயிற்று. பச்சையப்பர் இறந்து அறுபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

*

இதற்குப் பிறகு வந்த சட்டம் ஒரு கோடு கிழித்தது. சென்னையின் மேற்குப் பக்கம் வாழ்கிறவர்கள் கவனிக்க வேண்டிய கோடு.

1763இல் ஆற்காட்டு நவாப் பூந்தமல்லி உள்ளிட்ட சுற்றுப்புறச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதுதான் பின்னால் செங்கல்பட்டு ஜில்லா. ஆக, மதராஸ் பட்டணம் வேறு, ஜாகீர் வேறு. பட்டணத்துக்குள் ராஜாவின் கோர்ட், பட்டணத்துக்கு வெளியே கம்பெனியின் கோர்ட். 1862இல் ஹைகோர்ட் வந்தபோதும் அதன் நேரடி சிவில் அதிகாரம் நகர எல்லையோடு நின்றது. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அந்த எல்லைக்கு அந்தப் பக்கம்.

1870இல் இந்து உயில்கள் சட்டம் வந்தது. வங்காளத்துக்கும், மதராஸ், பம்பாய் நகரங்களுக்கும் மட்டும். அந்த வருஷம் செப்டம்பர் 1ஆம் தேதி முதல் மதராஸ் நகருக்குள் உயில் எழுதும் இந்து, எழுத்தில் எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் இறந்த பிறகு, உயில் மெய்யானது என்று கோர்ட் தரும் சான்றான புரொபேட் வாங்க வேண்டும். நகருக்கு வெளியே இது எதுவும் கட்டாயமில்லை. ஒரு பெரியவர் சாகும் தறுவாயில் பத்துப் பேர் கேட்க வாயால் சொன்னதுகூட, நிரூபித்தால், உயில்தான்.

யோசித்துப் பாருங்கள். ஒரே குடும்பத்துக்குப் புரசைவாக்கத்தில் வீடும் அம்பத்தூரில் நஞ்சையும் இருந்தால், வீட்டுக்கு ஒரு சட்டம், வயலுக்கு ஒரு சட்டம். இன்னொரு விசித்திரமும் உண்டு. சொத்து எங்கே இருக்கிறது என்பதோடு, உயில் எங்கே எழுதப்பட்டது என்பதும் கணக்கு. அம்பத்தூர்க்காரர் தன் அம்பத்தூர் நிலத்துக்கு ஊரிலேயே உட்கார்ந்து எழுதினால் புரொபேட் தேவையில்லை. அதே ஆள் ரயிலேறிப் போய் பாரிமுனை வக்கீல் ஆபீஸில் கையெழுத்துப் போட்டால், அது பட்டணத்து உயில், புரொபேட் வேண்டும். பேனா காகிதத்தைத் தொட்ட இடம் அடுத்த தலைமுறையின் செலவைத் தீர்மானித்தது.

கிறிஸ்தவர்களுக்கு 1865லேயே தனிச் சட்டம், அவர்களுக்குப் பட்டணம் பட்டிக்காடு பேதமில்லை. முஸ்லிம்களுக்கு அவர்களுடைய சட்டம். கடன் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் போகக் கூடாது, வாரிசுக்கே கொடுப்பதானால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும், வாய்ச்சொல்லும் செல்லும். பூந்தமல்லி மாதிரி மூன்று மதத்தவரும் அடுத்தடுத்த தெருவில் வாழும் ஊரில், சாவுக்குப் பிறகான சட்டம் தெருவுக்குத் தெரு மாறியது.

1925இல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் கட்டியது. 1927 ஜனவரி 1 முதல் எழுதப்பட்ட உயில் எந்த ஊர் இந்துவுடையதானாலும் கையெழுத்தும் இரண்டு சாட்சியும் வேண்டும் என்றாயிற்று. ஆனால் புரொபேட் விஷயத்தில் பழைய பட்டணக் கோடு அப்படியே நின்றது. கிறிஸ்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் 2002இல் விலக்கப்பட்டது. மிச்சத்தை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில்தான் நீக்கியது. கம்பெனிக்காரன் கோட்டையைச் சுற்றிப் போட்ட கோடு, நம் கையில் ஸ்மார்ட்போன் வந்து வெகுநாள் ஆன பிறகும் அழியாமல் இருந்திருக்கிறது.

*

இனி ஜாகீர்ப் பக்கத்துக்கு வருவோம். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ். 1961இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அங்கே 1965இல் முதல் விஜயந்தா டாங்கி. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். ஷிப்ட் பார்த்தார்கள், சொசைட்டி லோன் போட்டார்கள், பி.எஃப். எடுத்தார்கள். ஏரிக்கரை ஓரத்தில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வாங்கினார்கள். முதலில் ஓலை, அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ், அப்புறம் மொட்டைமாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட்.

அந்தக் கம்பிக்கு அர்த்தம், மேலே இன்னொரு மாடி வரும், அது சின்னவனுக்கு என்பதுதான். பலருக்கு அதுதான் உயில். கம்பியாலே எழுதின உயில்!

துபாஷிக்கு நடந்ததுதான் இவர்களுக்கும் நடந்தது. பரம்பரையாக ஒன்றும் இல்லாதவர்களின் கையில் முதல்முறையாகச் சொந்தச் சம்பாத்தியமாக ஒரு சொத்து. ஆனால் "எங்கிட்ட என்ன இருக்கு உயில் எழுத? அதெல்லாம் பெரிய பணக்காரங்க சமாச்சாரம்" என்பார்கள். கொஞ்சம் வற்புறுத்தினால், "இப்பவே என்ன அவசரம்? நான் என்ன சாகவா போறேன்?" அந்த கிரவுண்டு இன்றைக்குக் கோடியைத் தொடுகிறது என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்கு உறைக்கும்.

எழுதாமல் போனால் என்ன ஆகும்? 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் பேசும். ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், அம்மா எல்லோருக்கும் சமபங்கு. அம்மாவுக்கு உண்டு, அப்பாவுக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை. இதைத் தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போதுதான் பல குடும்பங்கள் முதன்முதலாகக் கேள்விப்படுகின்றன. மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுக்க 2005இலும் வந்தது.

மகள்களைப் பொறுத்தவரை இங்கே சங்கடமான உண்மை ஒன்று உண்டு. சட்டம் சமபங்கு என்கிறது. உயில் அதைப் பறிக்க முடியும். சொந்தச் சம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்ற உரிமை, மகளை விட்டுவிட்டு மகனுக்கு மட்டும் எழுதவும் பயன்படுகிறது. "பொண்ணுக்குத்தான் நகை போட்டு, செலவு பண்ணிக் கட்டிக் குடுத்தாச்சே" என்ற ஒரு வாக்கியம், எத்தனையோ உயில்களில் எழுதப்படாத முன்னுரை. உயில் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோஜனமில்லை. அது யார் கையில் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அதே ஆயுதம் பெண்ணின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. வட இந்தியாவில் 1955இல் கல்யாணமான ஒரு பெண். மூன்று மாதத்தில் கணவன் பாம்பு கடித்துச் செத்துப்போனான். புகுந்த வீடு துரத்திவிட்டது. அம்மா வீட்டுக்கு வந்து, படித்து, வேலைக்குப் போய், தனியாகவே வாழ்ந்து 1996இல் இறந்தார். வங்கியில் பணம், பி.எஃப்., எல்லாம் அவரே சம்பாதித்தது. உயில் எழுதவில்லை. அம்மா கேட்டார், கணவனின் சகோதரி பிள்ளைகளும் கேட்டார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் எழுத்துப்படி கணவன் வழிக்கே தீர்ப்புச் சொன்னது. ஏனென்றால் 1956 சட்டத்தின் 15ஆம் பிரிவில், பிள்ளையில்லாத விதவையின் சம்பாத்தியம் முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகிறது, அதற்குப் பிறகுதான் பெற்ற தாய் தகப்பனுக்கு. துரத்திய வீட்டுக்கே சம்பாத்தியம் போய்ச் சேர்ந்தது. இரண்டு சாட்சி போட்ட ஒரு தாள் இருந்திருந்தால் போயிருக்காது.

2025இல் உச்ச நீதிமன்றமே, பெண்கள், முக்கியமாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. சட்டத்தை மாற்றும்வரை ஒரு தாளை வைத்துச் சமாளித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். அம்பத்தூர் எஸ்டேட் கார்மென்ட் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும், ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கும் இந்தச் சேதி பொதுதான். துபாஷி, ஆலைத் தொழிலாளி, அதற்கப்புறம் சொந்தச் சம்பாத்தியத்தின் வரிசையில் கடைசியாக வந்து நிற்பவள் அவள்தான்.

*

தாள் எழுதுவது கஷ்டமா? சட்டப்படி பார்த்தால் இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை, செய்துகொண்டால் நல்லது. மூடி முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து வைக்கவும் வழி இருக்கிறது. அப்படியென்றால் வக்கீல் எதற்கு?

எழுதுவது யாராலும் முடியும். பின்னால் ஒருவர் அதை கோர்ட்டில் நிரூபிக்கும்போதுதான் சிக்கல். 1958இல் உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னது இன்றும் செல்லும்: உயிலில் சந்தேகப்படும்படி ஏதாவது இருந்தால், அதைப் போக்க வேண்டியது உயிலைக் காட்டிச் சொத்துக் கேட்பவரின் பொறுப்பு. கையெழுத்து நடுங்கியிருக்கிறதா? சொத்து வாங்கப்போகிற மகனே கூட இருந்து எழுத வைத்தானா? மனைவியை விட்டதற்குக் காரணம் சொல்லியிருக்கிறதா? சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் வந்து சொல்ல வேண்டும். ஆகவே நல்ல வக்கீல் முதலில் கேட்பது சொத்து எவ்வளவு என்பதல்ல. யாரை விடப் போகிறீர்கள், ஏன், சாட்சி உங்களைவிட வயசில் சின்னவரா என்பதுதான். டைப் அடிப்பது அப்புறம்.

தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் வைத்துப் பார்க்கச் சொல்வதும் அவர்தான். ஏரிப் புறம்போக்கில் முப்பது வருஷம் குடியிருந்தாலும் உரிமை இல்லாததை உயிலில் எழுதி உரிமையாக்க முடியாது. வங்கியில் நாமினி போட்டாகிவிட்டது என்ற நிம்மதியும் அரைகுறைதான். நாமினி பணத்தைக் கையில் வாங்குபவர், சொந்தக்காரர் வாரிசு. இன்ஷூரன்ஸுக்கு இதை 1983லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோரோ கணவன் மனைவியோ பிள்ளைகளோ நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே. கம்பெனிப் பங்குகளுக்கு 2023இல் சொன்னது.

"உயில் எதுக்கு, செட்டில்மென்ட் பண்ணிடுங்க, செலவும் கம்மி" என்று சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் சொல்லுவார்கள். செட்டில்மென்ட் என்றால் இன்றைக்கே கொடுத்துவிடுவது. நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. உயிலை மூச்சு இருக்கும்வரை மாற்றலாம். வயதான காலத்தில் கவனித்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து ஏமாந்தவர்களுக்காக 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அதற்காக அம்மா பிள்ளை மேல் மனு கொடுக்க வேண்டும். எத்தனை அம்மாக்கள் கொடுப்பார்கள்?

மாற்றலாம் என்பதுதான் உயிலின் பெரிய பலம், அதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். 1990இல் 'எனது ஒரு கிரவுண்டு மனையும் அதிலுள்ள ஓட்டு வீடும்' என்று எழுதிவைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2015இல் பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சர் போட்டு வீட்டை இடித்தாயிற்று. இப்போது இருப்பது இரண்டு பிளாட்டும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும். உயில் சொல்லும் வீடு பூமியில் இல்லை. குறிப்பிட்டுக் கொடுத்த சொத்து சாகும்போது கையில் இல்லையென்றால் அந்தக் கொடை விழுந்துவிடும். வழக்கு அங்கே ஆரம்பிக்கும். கல்யாணம், விவாகரத்து, பேரக்குழந்தை, ஒரு சாவு, ஒரு விற்பனை, இப்படி எது நடந்தாலும் பீரோவைத் திறந்து உயிலை எடுத்துப் படிக்க வேண்டும். சின்ன மாற்றம் என்றால் கோடிசில் என்ற துணை உயில் போதும், அதற்கும் கையெழுத்தும் இரண்டு சாட்சியும் உண்டு. பெரிய மாற்றம் என்றால் பழையதை ரத்து செய்து புதிதாக எழுதுவதுதான் சுத்தம்.

*

பச்சையப்பருக்குத் தன் உயிலைத் திருப்பிப் படிக்க ஒன்பது நாள்தான் கிடைத்தது. அவருக்குப் பதிலாக மற்றவர்கள் படித்தார்கள். வழக்காடிய வக்கீல்கள், தீர்ப்பளித்த நீதிபதிகள், மிச்சப் பணத்தைக் கல்விக்குத் திருப்பியவர்கள். மறுபடியும் மறந்துவிடக் கூடாது என்று சில கோயில்களில் இந்தத் தர்மத்தின் விவரத்தைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள், பழைய சோழர் வழக்கம் மாதிரி. ஆனாலும் 1947 வரை இந்து மாணவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கல்லூரியில் இடம். அதற்குப் பிறகுதான் கதவு எல்லோருக்கும் திறந்தது. அறக்கட்டளை நிர்வாகத்தில் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டிய நிலை நம் காலத்திலும் வந்திருக்கிறது. இருநூற்றிச் சொச்சம் வருஷமாக அந்த உயிலை யாராவது திருத்திக்கொண்டேதான் இருக்கிறார்கள், எழுதியவரைத் தவிர.

ஒரு லட்சம் வராகனுக்கு அட்வகேட் ஜெனரல் வருவார். ஆவடியில் முக்கால் கிரவுண்டுக்கும், தையல்காரப் பெண்ணின் பி.எஃப். பணத்துக்கும் யாரும் வர மாட்டார்கள். அங்கே நாற்பத்தெட்டு வருஷம் வழக்கு நடத்த யாருக்கும் தெம்பில்லை. ஐந்தாவது வருஷமே அண்ணன் தங்கச்சி பேச்சு நின்றுவிடும், பொங்கலுக்குச் சீர் போவது நின்றுவிடும். தன் கையால் எழுதி, தன் கையால் திருத்துவதற்கான காலம், உயிரோடு இருக்கிற காலம் மட்டும்தான்.